கேள்வி ஞானத்துக்கு ஆடாசிட்டி: கிட்டார் கற்பவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள். கிட்டார் கற்பவரை மனத்தில் வைத்து அதில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. பாட்டைக் கொடுத்ததும் கார்டுகளை (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டங்களை) வரிசையாக எழுதித் தரும் செயலிகளுக்குப் பழகியவருக்கு முதல் நாளே சலிப்புத் தட்டிவிடும். டேப் (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்ற குறிப்பு) பார்க்காமல் காதால் கேட்டே வாசிக்க நினைப்பவருக்கு விஷயம் வேறு. ஓடும் பாட்டைப் பிடித்து நிறுத்திக் கையில் தருகிறது. கண்டுபிடிக்கும் வேலை காதுக்கே. இங்கே பார்ப்பது 3.4-உம் அதற்குப் பிந்தைய 3 வரிசைப் பதிப்புகளும்.

முதலில் எல்லோரும் தேடுவது வேகத்தைக் குறைக்கும் வசதியை. ஒரே மெனுவில், ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு எஃபெக்ட்கள் இருக்கும். சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச் என்பது வேகத்தோடு சுருதியையும் இறக்கிவிடும். பாதி வேகம் என்றால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. 33⅓ சுற்று இசைத்தட்டை 16⅔-இல் சுழலவிட்டால் கிடைப்பதும் இதுதான். ஸ்வரத்தின் பெயர் மாறாது என்பதால் இன்றும் செல்லும். 0.7 வேகம் வைத்தால்தான் வம்பு. சுருதி சுமார் 6.2 செமிடோன் (கிட்டாரில் ஒரு ஃப்ரெட், அதாவது ஒரு கட்டம், ஒரு செமிடோன்) இறங்கி, எந்த ஃப்ரெட்டிலும் உட்காராமல் நடுவில் தொங்கும்.

அன்றாடத்துக்கு வேண்டியது சேஞ்ச் டெம்போ. பர்சென்ட் சேஞ்ச் பெட்டியில் -25 போட்டால் 12 விநாடி சோலோ (தனி வாசிப்பு) 16 விநாடியாகும், -50 போட்டால் 24. சுருதி அசையாது. அடியில் உள்ள ஹை குவாலிட்டி ஸ்ட்ரெட்சிங் கட்டத்தை டிக் செய்யாவிட்டால், பெரிய அளவில் இழுக்கும்போது ஒரே மீட்டல் இரண்டு மீட்டலாகக் கேட்கலாம். இல்லாத ஸ்வரத்தைத் தேட வைக்கும் பிழை அது. டிக் செய்தால் அந்தத் தொல்லை குறையும். பதிலுக்கு மீட்டலின் கூர்மை மழுங்கும். ஹேமர்-ஆனா (மீட்டாமல் விரலைக் கம்பியில் தட்டி எழுப்பியதா), பிக்கால் (மீட்டும் வில்லையால்) மீட்டியதா என்று பிரித்தறிய அந்தக் கூர்மைதான் ஆதாரம் என்பதால், -30-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. -20 போட்டது போதவில்லை என்று அதன்மேலேயே இன்னொரு -20 போடக் கூடாது. அன்டூ செய்து, மூலத்திலிருந்து ஒரே தடவையில் இழுக்க வேண்டும்.

இந்த மென்பொருளின் உண்மையான பலம் லூப். எல் விசையைத் தட்டினால் தேர்ந்தெடுத்த பகுதி சுற்றிச் சுற்றி ஓடும். ஆனால் இடைவெளியே இல்லாமல் ஓடும் லூப் காதைப் பழக்காது. மனத்தில் ஸ்வரம் பதியும் முன்பே அடுத்த சுற்று வந்து அழித்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு, மூன்று விநாடித் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இசட் விசையைத் தட்டினால் துண்டின் இரு முனைகளும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். ஒவ்வொரு சுற்றிலும் வரும் ‘டிக்’ ஒலி போய்விடும். பிறகு கன்ட்ரோல்-டி. அந்தத் துண்டு மட்டும் புதிய டிராக்கில் நகலாகும். சோலோ பொத்தானை அழுத்தி அதை மட்டும் ஒலிக்கச் செய்து, லூப் எல்லையைத் துண்டு முடிந்த பிறகும் நான்கு விநாடி நீட்டி வையுங்கள். இப்போது துண்டு ஒலிக்கும், பிறகு நான்கு விநாடி மௌனம். முதல் மௌனத்தில் முனகிப் பார்க்க வேண்டும், கிட்டாரைத் தொடக் கூடாது. மூன்று சுற்று முனகியும் ஸ்வரம் சேராவிட்டால் துண்டு நீளமாக இருக்கிறது என்று பொருள், பாதியாக வெட்டுங்கள். முனகல் பிடிபட்ட பிறகுதான் விரல் ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் ஃப்ரெட் ஃப்ரெட்டாகத் தடவி, தற்செயலாகச் சரியானதில் போய் நிற்கும் பழக்கம்தான் வளரும்.

பாட்டு உங்கள் கிட்டாரோடு சேராமல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் நிற்கிறதா? பதிவின்போதோ பிறகோ ஒலிநாடாவின் வேகம் மாறியிருக்கலாம். கம்பியை முறுக்க வேண்டாம். சேஞ்ச் பிட்ச் எஃபெக்டில் செமிடோன் பெட்டி தசமத்தையும் ஏற்கும். பாட்டு 30 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருந்தால் -0.3 போதும். எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்தும், திறந்த கம்பிகளின் ரீங்காரம் கேட்கும் இடங்களில் உங்களுக்கு மட்டும் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்டு) தேவைப்படுகிறதென்றால், பதிவில் கிட்டாரை அரை செமிடோன் அல்ல, முழு ஒரு செமிடோன் இறக்கிக் கட்டியிருக்கக்கூடும். பாட்டை +1 ஏற்றிப் பாருங்கள். அதே எஃபெக்ட் தானாகக் கணித்துக் காட்டும் தொடக்கச் சுருதியை நம்ப வேண்டாம். பல ஸ்வரங்கள் கலந்த ஒலியில் அது கண்டபடி சொல்லும்.

கார்டு பிடிக்க பேஸ் கிட்டாரிலிருந்து தொடங்குவதே சுலபம். சின்ன ஸ்பீக்கரில் பேஸே கேட்காது என்பதுதான் சிக்கல். அந்தப் பகுதியை நகலெடுத்து, லோ-பாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்கு மேலுள்ள ஒலியைக் குறைப்பது) 250 ஹெர்ட்ஸில், 24 டெசிபல் சரிவில் போட்டுவிட்டு, அதன் பிறகே 12 செமிடோன் ஏற்றுங்கள். வரிசை மாறினால் ஏற்றிய பேஸின் பாதியை ஃபில்டர் தின்றுவிடும். பேஸின் 41 ஹெர்ட்ஸ் ஈ இப்போது 82 ஹெர்ட்ஸுக்கு வந்து, கிட்டாரின் தடித்த ஈ கம்பியோடு ஒன்றும். பேஸ் ஸ்வரமே கார்டின் பெயர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேஸ் ஈ-யில் நின்றால் அது ஈ மைனராக இருக்கலாம், ஈ-யைக் கீழே வைத்த சி மேஜராகவும் இருக்கலாம். இரண்டிலும் ஈ, ஜி பொது. ஒன்றில் பி, மற்றதில் சி. இரண்டாம் கம்பியைத் திறந்து ஒரு தடவை, முதல் ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு தடவை லூப்போடு மீட்டிப் பார்த்தால் எது உறுத்துகிறது என்று காது சொல்லிவிடும்.

ஸ்டீரியோவைப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் வசதி எளிது, பயனும் அதிகம். இரண்டு கிட்டார்களை இடமும் வலமும் வைத்த பதிவுகளில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். வோக்கல் ரிடக்‌ஷன் அப்படியல்ல. குரலைக் குறைக்க, இடம் வலம் இரண்டிலும் சமமாக ஒலித்து நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் அது நீக்குகிறது. நடுவில் வைத்த சோலோவும் குரலோடு போய்விடும். மோனோ பதிவில் பயனே இல்லை.

எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்று வரைந்து காட்டும் பிளாட் ஸ்பெக்ட்ரம்தான் ஆசை காட்டி மோசம் செய்வது. கர்சரை ஒரு சிகரத்தின் மேல் வைத்தால் ஸ்வரத்தின் பெயரையே காட்டும். சைஸ் (ஒரே தடவையில் அலசும் மாதிரிகளின் எண்ணிக்கை) 2048 என்று இருந்தால், 44,100 மாதிரி வீதப் பதிவில் அது பிரித்துப் பார்க்கும் அளவு 21.5 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் ஈ 82.4, எஃப் 87.3; இடையே ஐந்து ஹெர்ட்ஸ்தான். ஆகவே சைஸை 16384 ஆக்க வேண்டும், அதற்குக் குறைந்தது 0.38 விநாடி நீளம் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் ஏமாற்றும். டிஸ்டார்ஷனோடு (ஒலியைக் கரகரப்பாக்கி) வாசித்த ஏ பவர் கார்டில் இருப்பது ஏ-யும் ஈ-யும் மட்டுமே. ஆனால் 110 ஹெர்ட்ஸ் ஏ-யின் ஐந்தாம் ஹார்மோனிக் (ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் கூடவே ஒலிப்பது) 550 ஹெர்ட்ஸ். சி ஷார்ப் 554. வரைபடம் சி ஷார்ப் என்று சிகரம் காட்டும், பார்ப்பவர் ஏ மேஜர் என்று எழுதிவிடுவார். பாடகரோ அதே இடத்தில் ஏ மைனருக்குரிய சி-யில் நின்றுகொண்டிருப்பார். முனகிக் கண்டுபிடித்ததைச் சரிபார்க்க மட்டும் இந்த வரைபடத்தைத் திறப்பது உத்தமம்.

குறைகளும் உண்டு. பாட்டு ஓடும்போதே சேஞ்ச் டெம்போவின் அளவை நகர்த்த முடியாது. ஒவ்வொரு தடவையும் எஃபெக்டைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கைபேசிப் பதிப்பு இல்லை. விண்டோஸில் எம்4ஏ கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். 32 பிட்டில் ஒரு நிமிட ஸ்டீரியோ சுமார் 21 எம்பி இடம் பிடிக்கும், நகல்களும் எஃபெக்ட்களும் சேரச் சேர புராஜெக்ட் கோப்பு வீங்கும். வேண்டிய 20 விநாடியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை முதலிலேயே வெட்டிவிடலாம்.

ஸ்வரம் எந்தக் கம்பியில் வாசிக்கப்பட்டது என்பதை இந்த மென்பொருளின் எந்தக் கருவியும் சொல்லாது. 330 ஹெர்ட்ஸ் ஈ முதல் கம்பியில் திறந்தபடி வரும், இரண்டாவதில் 5-ஆம் ஃப்ரெட், மூன்றாவதில் 9, நான்காவதில் 14. திறந்த கம்பி பளிச்சென்று ஒலிக்கும். 14-ஆம் ஃப்ரெட்டில் அதே ஸ்வரம் உருண்டு, சற்று அடைத்தாற்போல வரும். -25 வேகத்தில், மௌன இடைவெளியோடு, நான்கு இடங்களிலும் மாற்றி மாற்றி மீட்டிப் பாருங்கள். முந்திய ஸ்வரத்திலிருந்து விரல் நழுவி வந்த சறுக்கல் ஒலி கேட்டால் இரண்டும் ஒரே கம்பியில்தான்.