தொழுவத்தில் ஒரு பைன்ட்: லேக் டிஸ்ட்ரிக்ட் கிராமத்து பப்புகள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், அதை பவுனெஸ் படகுத்துறைக் கூட்டத்தில் கரைக்காதீர்கள். கிரேட் லேங்டேல் பள்ளத்தாக்குக்குப் போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மான்செஸ்டருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து வின்டர்மியர் வரை ரயில், ஆம்பிள்சைட் வரை 555 பேருந்து, பிறகு 516. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் ஈடிஏ மின் அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பிளக் நம் மூன்று பின் பிளக்கேதான்.

516-இல் எல்டர்வாட்டரில் இறங்குங்கள். பழைய நார்ஸ் மொழியில் 'அன்ன ஏரி' என்று பொருள். ஊர்த்திடலைப் பார்த்தபடி பிரிட்டானியா இன் நிற்கிறது. அங்கிருந்து சாப்பல் ஸ்டைல் வழியாகப் பள்ளத்தாக்கின் மேல்கோடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ.; கற்கள் நிறைந்த பாதை என்பதால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஓல்டு டஞ்சன் கில் விடுதி. அதன் ஹைக்கர்ஸ் பார் ஒரு காலத்தில் மாட்டுத்தொழுவம். மாடு கட்டிய தடுப்புகளுக்குள்தான் இன்றைக்கு மனிதர்கள் உட்காருகிறார்கள். தரை வெறும் கல், சேற்றுக் காலணியை யாரும் முறைப்பதில்லை. மழையில் நடந்து வந்தவனுக்கு இதைவிட நல்ல அறை அந்த வட்டாரத்தில் கிடையாது.

மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுன்டரில் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். பட்டியலில் உள்ள விலையில் வரி அடக்கம். நம்மூர் 'பிளஸ் பிளஸ்' கணக்கு இல்லை.

கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் என்னும் பீர் வகை 11 முதல் 13 டிகிரியில் வரும். ஜில்லென்ற பீருக்குப் பழகிய நாக்கு இதைக் குறை என்று நினைக்கும். குறையல்ல; அதிகக் குளிர்ச்சியில் அந்த மால்ட் வாசனை அடங்கிவிடும். வினிகர் வாடை அடித்தால் அதுதான் குறை: பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது. பணிவாகச் சொன்னால் மாற்றித் தருவார்கள். ஒரு பைன்ட் 568 மில்லி, முதல்முறை அரை பைன்ட் போதும். குடிக்காதவர்கள் குழாய்த் தண்ணீர் கேட்கலாம். இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'ஸ்டேக் அண்ட் ஏல் பை'யைத் தவிர்த்தால் மட்டும் போதாது. பட்டியலில் சூயெட் என்று கண்டால், அது பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு. கிரேவியும் மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம். உருளைக்கிழங்குச் சிப்ஸைச் சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள், வேறு சில இடங்களில் மீன் பொரித்த எண்ணெயில். சைவர்கள் 'எதில் பொரிக்கிறீர்கள்?' என்றே கேளுங்கள். சுருள்சுருளாக வரும் கம்பர்லண்ட் சாசேஜ் பன்றி இறைச்சி. மிளகு நன்றாகத் தெரியும். ஹெர்ட்விக் ஆட்டிறைச்சி கிடைத்தால் விடாதீர்கள், அந்த மலைப்புல் மேய்ந்த ஆட்டின் ருசியே தனி. ஹலால் கிடைப்பது அரிது. கடைசியில் ஸ்டிக்கி டாஃபி புட்டிங்: பேரீச்சம்பழம் சேர்த்த கேக், மேலே சூடான வெண்ணெய்ச் சர்க்கரைப் பாகு.

பலர் ஏமாறுவது நேரத்தில். உணவங்காடி போல நாள் முழுக்க அடுப்பு எரியாது. பல கிராமத்து பப்புகளில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்து மாலையில்தான் மறுபடி தொடங்கும். மூன்று மணிக்கு ஈரத்தோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான் மிஞ்சும். காலை பத்துக்கே நடையைத் தொடங்குங்கள், கிளம்பும் முன் சமையலறை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு அப்பால் உள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. நம் மழை கொட்டி ஓய்ந்துவிடும். அது நாள் முழுக்கத் தூறும், குளிர்காற்றோடு. குடை மடங்கிப்போகும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும் அவசியம்.

வாடகைக் கார் என்றால், வகுப்பு 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் ஆட்டோ கியர் வண்டியைச் சீக்கிரமே பதிவு செய்யுங்கள். அங்கே எண்ணிக்கை குறைவு. ஹார்ட்நாட் கணவாயில் மூன்றடிக்கு ஓரடி ஏற்றம், ஒற்றை வண்டி அகலம். பின்னோக்கி ஓட்டத் தயங்குபவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பேருந்தில் வந்தவர்கள் புட்டிங் சொல்வதற்கு முன் கடைசி 516 எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இரவு வரை அது ஓடுவதில்லை. பள்ளத்தாக்கில் கைப்பேசிச் சமிக்ஞையும் சரியாகக் கிடைக்காது, அதனால் டாக்சி எண்ணை ஆம்பிள்சைடிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.