அஃபிலியேட் கமிஷன்: சதவீதத்துக்கு முன் கணக்கு வைப்பவரைப் பாருங்கள்

நம் தளத்தில் போடும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கடை நமக்குக் கமிஷன் தரும் ஏற்பாடுதான் அஃபிலியேட் திட்டம். அதில் சேரும்போது எல்லாருடைய கண்ணும் முதலில் கமிஷன் சதவீதத்துக்குத்தான் போகிறது. ஆனால் இந்தத் தொழிலில் கிளிக்கை எண்ணுவது விற்பனையாளர். விற்பனையைப் பதிவது அவர். அது செல்லுமா செல்லாதா என்று முடிவு செய்வதும் அவரே. நமக்குத் தெரிவது அவர் காட்டும் டாஷ்போர்டு மட்டும். எதிர்த்தரப்பு நேர்மையாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கட்டுரை எழுதியும் பயனில்லை.

2,000 ரூபாய்ப் பொருளுக்கு மாதம் 100 ஆர்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் தரும் கடை அதில் 60 ஆர்டரை ரத்து என்று தள்ளிவிட்டால் கைக்கு வருவது 9,600 ரூபாய். 6 சதவீதம் தரும் கடை 10 ஆர்டரை மட்டும் தள்ளினால் 10,800 ரூபாய். எனவே இரண்டு கடைகளை ஒப்பிடும்போது, 100 கிளிக்குக்கு உறுதியான கமிஷன் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். ‘நிலுவை’ என்று காட்டும் தொகையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ரத்து ஆவதெல்லாம் ஏமாற்று இல்லை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை வீட்டு வாசலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது நம் நாட்டில் சகஜம். துணி, செருப்பு அளவு சரியில்லாமல் திரும்பி வரும். நேர்மையான கடை ஒவ்வொரு ரத்துக்கும் ஆர்டர் தேதி, தொகை, காரணம் மூன்றையும் காட்டும். மாதக் கடைசியில் மொத்தமாகத் தள்ளிவிட்டு, ‘விதிமுறைக்கு உட்படவில்லை’ என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க சப்-ஐடி உதவும். ஆர்டர் எந்த லிங்கிலிருந்து வந்தது என்று தெரிய, லிங்கில் நாம் சேர்க்கும் அடையாளக் குறி அது. கட்டுரைக்கு ஒன்று, லிங்க் இருக்கும் இடத்துக்கு ஒன்று என்று தனித்தனி சப்-ஐடி போட்டு, மாதா மாதம் அறிக்கையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஆர்டர்கள் எல்லாம் தேறி, பெரிய தொகை ஆர்டர்கள் மட்டும் தொடர்ந்து விழுந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. அறிக்கையை இணைத்துக் கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

அதைவிட அதிகப் பணம் சத்தமில்லாமல் ஒழுகுவது விற்பனைப் பக்கத்தில். நாம் அனுப்பும் வாசகர் அங்கே போனதும் என்னென்ன பார்க்கிறார் என்று மொபைலில் நீங்களே திறந்து பாருங்கள். கண்ணில் படும்படி வாட்ஸ்அப் பட்டன் இருந்தால் அந்த வழியாக வரும் ஆர்டர் பெரும்பாலும் நம் கணக்கில் ஏறாது. போன் நம்பரும் அப்படியே. ‘ஆப்பில் வாங்கினால் கூடுதல் தள்ளுபடி’ என்ற பட்டை இருந்தால், ஆப் திறந்த பிறகு ட்ராக்கிங் தொடர்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனை ஆர்டர் போட வேண்டுமென்றால் அஃபிலியேட் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அமேசான் போன்ற இடங்களில் நமக்காகவோ குடும்பத்தாருக்காகவோ நம் லிங்கில் வாங்குவது விதிமீறல்.

கடைசி கிளிக் யாருடையதோ அவருக்கே கமிஷன் என்பதுதான் பெரும்பாலான திட்டங்களின் விதி. இதில் இருக்கும் ஓட்டையை 2024 டிசம்பரில் உலகமே பேசியது. பேபால் நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி என்ற, கூப்பன் தேடித் தரும் பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), பணம் கட்டும் கடைசி நேரத்தில் பரிந்துரைத்தவரின் குக்கியை (வாசகரை அனுப்பியது யார் என்று பிரவுசரில் பதியும் குறிப்பை) அழித்துத் தன்னுடையதை வைக்கிறது என்ற குற்றச்சாட்டு ஒரு யூடியூப் விசாரணையில் எழுந்தது. வாங்குபவருக்குப் பயன் எதுவும் தராமல் நீட்சிகள் அஃபிலியேட் குறியீட்டைச் செருகக் கூடாது என்று 2025 மார்ச்சில் கூகுள் குரோம் விதியை இறுக்கியது. புதிதாகச் சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி: கூப்பன் தளங்களுக்கும் நீட்சிகளுக்கும் கமிஷன் எப்படிப் பிரிக்கிறீர்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் நம் உழைப்பு பிறர் கணக்கில் சேரும்.

நம்மைப் போல லிங்க் போடும் மற்றவர்களைக் கண்காணிக்காத நெட்வொர்க்கும் (பல கடைகளின் திட்டங்களை ஒரே இடத்தில் நடத்தும் நிறுவனம்) ஆபத்துதான். ஈபே திட்டத்தில், ஆள் கிளிக் செய்யாமலே கணினியில் குக்கியைத் திணித்துக் கமிஷன் பார்த்த இருவர் 2014இல் அமெரிக்காவில் சிறைத் தண்டனை பெற்றார்கள். அப்படித் திணித்த குக்கி, ஒழுங்காக எழுதிச் சம்பாதித்த யாரோ ஒருவரின் குக்கியின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். சேரும்போது நம் தளத்தை நோண்டி நோண்டிக் கேள்வி கேட்கும் நெட்வொர்க் எரிச்சலூட்டலாம். அது நமக்கு நல்லது.

விதிகள் கறாராக இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம். அமேசானில் குக்கி 24 மணி நேரம். அதற்குள் கார்ட்டில் சேர்த்துவிட்டால் 90 நாள் வரை கணக்கு உண்டு. சேர்ந்த 180 நாளுக்குள் 3 விற்பனை காட்ட வேண்டும். ஆனாலும் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே வார அவகாசத்தில் கமிஷனைக் குறைத்தார்கள். வீட்டுச் சாமான்களுக்கு 8இலிருந்து 3 சதவீதம், மளிகைக்கு 5இலிருந்து 1 சதவீதம். கணக்கு சுத்தமாக இருக்கும் இடத்திலும் இப்படி நடக்கும் என்பதால், வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கூட்டாளியிடம் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இதுவரை சொன்னது நம் பணம். வாசகரின் பணம் அதைவிடப் பெரிய விஷயம். இணையதளத்தை வைக்க இடம் தரும் வெப் ஹோஸ்டிங் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் தெரியும் மாத விலை, சில ஆண்டுகளுக்கான தொகையை மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது விலை பல மடங்காகலாம். அதை நாம் எழுதாமல் விட்டால் வாசகர் திட்டப்போவது நம்மைத்தான், அதுவும் நியாயமாக. லிங்க் போடுவதற்கு முன் பணம் கட்டும் திரை வரை போய்ப் பாருங்கள். கேட்காமல் கார்ட்டில் ஏறும் பொருள், கடைசியில் முளைக்கும் கட்டணம், பொய்யான ‘இன்னும் 2 தான் மீதி’, வெளியேற முடியாத சந்தா ஆகியவை எல்லாம் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று வடிவங்களில் அடங்கும். அதில் ஒன்று இருந்தாலும் அந்தக் கடை வேண்டாம்.

தமிழில் அஃபிலியேட் என்ற பெயரில் பரவும் கோர்ஸ் வியாபாரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோர்ஸை வாங்கினால்தான் விற்கும் உரிமை, கோர்ஸின் உள்ளடக்கமே அந்தக் கோர்ஸை எப்படி விற்பது என்பது, கீழே ஆள் சேர்த்தால் அவர்கள் கமிஷனிலும் பங்கு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் விலகி நில்லுங்கள். 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்திருக்கின்றன. நீங்கள் சேர்த்துவிடும் கல்லூரி மாணவர் இழக்கும் பணத்துக்கு நீங்களும் பொறுப்பு.

சட்டமும் பரிந்துரைப்பவரை விடுவதில்லை. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம், மீண்டும் நடந்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உரிய கவனத்தோடு சரிபார்த்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே விலைப் பக்கம், ரீஃபண்ட் விதி, கடையோடு நடந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். கமிஷன் கிடைக்கும் என்ற அறிவிப்பை முதல் லிங்குக்கு மேலே தமிழிலேயே போடுங்கள். அந்த அறிவிப்பு வேண்டாம் என்று சொல்லும் கூட்டாளியின் லிங்கைப் போட வேண்டாம்.

பணம் வரும் இடத்திலும் ஒரு சோதனை இருக்கிறது. கமிஷன் தரும்போதே கடை பிடிக்கும் வரி (டிடிஎஸ்) 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். பிடித்ததை அரசுக்குக் கட்டாமல் விடுபவர்கள் உண்டு. காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து, பிடித்த தொகை நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வரியில் ஏமாற்றுபவர் கிளிக் கணக்கை மட்டும் சரியாக வைப்பார் என்று நம்பக் காரணமில்லை.

விலகும் வழியை முதல் நாளே அமைத்துவிடுங்கள். எல்லா லிங்கையும் உங்கள் தளத்தின் ரீடைரக்ட் (உங்கள் தள முகவரியிலிருந்து கடைக்குத் திருப்பிவிடும் லிங்க்) வழியாக அனுப்பினால், கூட்டாளி சரியில்லை என்று தெரிந்த அன்றே ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். அமேசான் லிங்கை மட்டும் அப்படி மறைக்கக் கூடாது, விதி அனுமதிக்காது. பணம் எடுக்கக் குறைந்தபட்ச வரம்பு எவ்வளவு, கணக்கை மூடினால் மீதித் தொகை கிடைக்குமா என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துவிட்டுச் சேருங்கள்.