கேட்காமலே அடித்த பெயின்ட்

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் பயணம், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், வங்கி வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஒரு பழைய சிங்கர் தையல் மிஷின். இன்னும் சரியாகச் சொன்னால், அதன் மேல் மெக்கானிக் அண்ணன் கேட்காமலே அடித்துக் கொடுத்த பெயின்ட்.

நான் குயில்ட் தைக்கிறவள். துணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஓரத்தில் கால் இஞ்ச் விட்டு ஒன்றோடொன்று தைத்துச் சேர்த்து, அடியில் பஞ்சு கொடுத்துப் போர்வையாக்கும் வேலை. இதற்கு நேர்தையல் மட்டும் போடும் பழைய மிஷினை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் கட்சி. ஊசித் தட்டைப் பார்த்தாலே தெரியும். பழையதில் ஊசி இறங்குவது ஒரு சின்ன வட்டத் துளையில். ஜிக்ஜாக் போடும் புது மிஷினில் அது அகலமான பிளவு, முக்கோணத் துண்டின் கூர்முனையை வைத்ததும் உள்ளே இழுத்து மென்றுவிடும். அளவும் பிசகக் கூடாது. ஒவ்வொரு தையலிலும் 1/32 இஞ்ச் அதிகமாகப் பிடித்தால் இரண்டு துண்டிலுமாக 1/16 போகும், எட்டுத் தையல் தாண்டுவதற்குள் அரை இஞ்ச் காணாமல் போய்விடும், அப்புறம் நட்சத்திரத்தின் முனை எங்கே சேர்வது?

நான் இருக்கும் வெளிநாட்டில் குயில்ட்காரர்கள் எல்லோரும் ஃபெதர்வெயிட், ஃபெதர்வெயிட் என்றுதான் சொல்வார்கள். சிங்கர் 221. 1933ல் வந்தது, அலுமினிய உடம்பு, ஐந்து கிலோதான், வகுப்புக்குக் கையில் தூக்கிப் போகலாம். துண்டு சேர்க்க அருமையான மிஷின், மறுக்கவில்லை. ஆனால் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே இடம் குறைவு, பெரிய போர்வையைச் சுருட்டி உள்ளே தள்ளிப் பஞ்சோடு தைக்கும்போது திணறிப் போவீர்கள். அதுவும் போக, சேகரிப்பாளர்கள் கையில் சிக்கி அது இப்போது நகை மாதிரி ஆகிவிட்டது. நான் சிங்கரின் 15 வகைதான் வேண்டும் என்று தீர்மானித்துத்தான் போனேன். இரும்பு உடம்பு, கனம், ஆனால் பாபினும் (அடிநூல் சுற்றும் உருளை) அது உட்காரும் பாபின் கேஸும் எந்த ஊரிலும் கிடைக்கும், ஏனென்றால் போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் இந்த வடிவத்தைத்தான் லட்சக்கணக்கில் நகலெடுத்துத் தள்ளினார்கள். இதற்கும் முந்தைய, அடிநூலைச் சுமந்து ஓடும் நீளமான படகு ஷட்டில் உள்ள மிஷின் அழகுதான், பாபின் தேடியே ஆயுசு போய்விடும்.

நம்மூர் மிஷின் ரிப்பேர் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் நுழையும் இடம், மேலே கீழே மிஷின் தலைகள், நடுவில் ஸ்டூல். முன்வரிசையில் பளபளவென்று நான்கைந்து நின்றன, எல்லாம் புது பெயின்ட். "அண்ணே, பெயின்ட் அடிக்காதது இருக்கா?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடியிலிருந்து தூசி மூடிய ஒன்றை இழுத்தார். தங்கப் பூவேலை பாதி தேய்ந்திருந்தது, மீதி அப்படியே இருந்தது. தகட்டில் 15கே. கே வந்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை, அதை 1980ல் மூடிவிட்டார்கள்.

சக்கரம் நகரவில்லை. துரு இல்லை, பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருந்தது, அவ்வளவுதான். வெளிநாட்டில் இதே நிலையில் ஒரு மிஷினைக் கடைக்குக் கொண்டுபோனபோது, இவ்வளவு பழசைத் தொட மாட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், அதுவும் முன்பதிவு செய்துவிட்டுப் போன பிறகு. அண்ணனோ பேசிக்கொண்டே ஒவ்வொரு ஓட்டையிலும் மண்ணெண்ணெய் சொட்டினார், சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தார், டீ குடித்தார், மறுபடி அசைத்தார், சுற்றியது. துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விட்டார். சிங்கரின் பழைய கையேடுகளிலும் இதே வைத்தியம்தான் இருக்கிறது, அவர் அதைப் படித்திருக்க மாட்டார். பிறகு பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டார். சிலந்தி மாதிரி நின்றது. மணிக்கட்டை லேசாக வெட்டினார், ஓர் அங்குலம் இறங்கி மறுபடி நின்றது. "டென்ஷன் சரிம்மா." நூலின் இறுக்கத்தைச் சொன்னார். நான் கொண்டுபோன காட்டன் துண்டில் இரண்டு மடிப்பு, நான்கு மடிப்பு, தையல் மேல் தையல் ஏறும் முடிச்சு எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே தையல். கண் கலங்கியது என்றால் சிரிப்பீர்கள்.

"ரிவர்ஸ் இல்லையேம்மா, மோட்டாரும் இல்ல, போட்டுத் தரவா?" என்றார். வேண்டாம் என்றேன். துண்டு சேர்க்கும்போது ஒரு தையலை அடுத்த தையல் குறுக்கே பூட்டிவிடும், ரிவர்ஸ் எதற்கு? கைப்பிடியில் சுற்றினால் ஒரு தையல் என்றால் ஒரு தையலில் நிற்கும். தலையாட்டினார். ஸ்க்ரூ எல்லாம் பார்த்து வைக்கிறேன், நாளைக்கு வாங்க என்றார். வழக்கமான நாளைக்கு.

போனபோது மேஜையில் புத்தம் புது மிஷின் ஒன்று. கறுப்பாக, கண்ணாடி போல. என்னுடையதுதான்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூவேலை, அதன் மேலிருந்த அரக்குப் பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்ப்ரே அடித்திருந்தார். பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் சிங்கர் என்பதற்கு ஓர் எழுத்து குறைவு. "வெளிநாடு போற மிஷின், அப்படியே குடுத்தா நல்லாவா இருக்கும்? சும்மாதாம்மா அடிச்சேன்." சும்மா! அங்கே என்றால் கையெழுத்து வாங்காமல் ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற மாட்டார்கள், எரிச்சலாக இருக்கும், ஆனால் எண்பது வருடப் பூவேலை மதியத்துக்குள் காணாமல் போகாது. நான் கத்தினேன். அவர் உண்மையிலேயே புரியாமல் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரர் வந்து "நல்லாத்தானே இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

பூவேலை போனது மனசுக்குக் கஷ்டம், சரி. வேலைக்குக் கெடுதல் வேறு. எண்ணெய் விடும் ஓட்டைகளில் பாதி அடைபட்டுவிட்டது, குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். பாபினை மூடும் தட்டு பெயின்டில் ஒட்டி நகரவில்லை. வரிசை எண்ணுக்குள் பெயின்ட் இறங்கி, பிளேடால் சுரண்டித்தான் படிக்க முடிந்தது. காயாத பெயின்ட் வெள்ளைத் துணியில் அப்பியது, குயில்ட்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் தையல்? அதே தையல். அந்த டென்ஷனை இன்றுவரை நான் தொடவில்லை. கிளம்பும்போது ஒரு டப்பாவில் பழைய ஸ்பிரிங், இரண்டு பாபின் கேஸ், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் ஒன்று போட்டுக் கொடுத்தார், எல்லாம் அசல், அங்கே இதற்கு மாதக்கணக்கில் வலை வீச வேண்டும். கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் மிஷினை ரிப்பேர் கடையில் ராத்திரி விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் வெள்ளை டேப்பில் "பெயின்ட் வேண்டாம்" என்று பெரிதாக எழுதித் தலையில் ஒட்டிவிட்டு வாருங்கள். அந்த டேப்பையும் அழகாக உரித்துவிட்டுத்தான் அடிப்பார், அது வேறு விஷயம்.