அரிசி மில்லுக்கு எது பொருந்தும்: கட்டமா, எஃப்எம்இஏயா, ஹசாப்பா?

பெரும்போக நெல் படுவான்கரையிலிருந்து லொறி லொறியாக வந்து இறங்கும் நாட்களில், மட்டக்களப்பில் ஒரு புழுங்கலரிசி மில்லின் தரத்தைப் பார்க்கிறவனுக்குக் குந்தியிருந்து தாள் நிரப்ப நேரமேது? தர முகாமைத்துவத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001இன் 2015 பதிப்பும் இடரை, அதாவது என்ன பிழை நேரலாம் என்பதை, யோசி என்கிறதே தவிர, இந்த முறையைத்தான் பிடி என்று சொல்லவில்லை. இடரைக் கணிக்கும் முறைகள் மூன்றை, இடர்க் கட்டம், எஃப்எம்இஏ (FMEA), ஹசாப் (HACCP) என்பவற்றை, எங்கள் மில்லில் போட்டுப் பார்த்தேன்.

ஐந்துக்கு ஐந்து கட்டம் அரை மணித்தியால வேலை. நடக்கும் வாய்ப்பு ஒரு பக்கம், பாதிப்பு மறுபக்கம். முதலாளியிடம் காசு கேட்கப் போகும்போது, இரண்டும் கூடிய மூலையின் சிவப்புக் கட்டம் நன்றாகவே பேசும். ஆனால் பிழை வெளியே போகுமுன் நம் கண்ணில் படுமா என்று அது கேட்பதே இல்லை.

எங்கே எப்படிப் பிழைக்கும், விளைவு என்ன என்று வரிவரியாகப் போடும் எஃப்எம்இஏ அதைக் கேட்கிறது. பாதிப்பு, வாய்ப்பு, கண்டுபிடிப்பு மூன்றுக்கும் 10 வரை புள்ளி; கண்ணில் படுவது கடினமானால் கண்டுபிடிப்புப் புள்ளி கூடும். பெருக்கினால் உச்சம் 1000. சல்லடைக் கம்பி அறுந்து அரிசியில் விழுவதற்கு முதலில் 10, 3, 4 போட்டோம். இரும்பைப் பிடிக்கக் காந்தம் இருக்கிறதே என்ற தைரியம். பழைய சல்லடையில் ஒரு கம்பியை வெட்டிக் காந்தத்தில் வைத்தால் ஒட்டவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்! 4 அங்கேயே 7 ஆனது. மொத்தம் 210.

அடுத்த வரி, தொட்டியில் நெல் கூடுதலாக ஊறிப் புளித்த வாடை வருவது: 5, 6, 8. மொத்தம் 240. அந்த 8இலும் ஒரு கதை இருக்கிறது. தொட்டியடி ஐயா நின்றால் "தண்ணி மணத்திலேயே தெரியும் மனே" என்பார். அவர் லீவு என்றால் சோறாக்கிய வீட்டில்தான் தெரியவரும்.

பெருக்கலை நம்பினால் வாடைதான் முதலில். கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்புவதும் ஒரு பிள்ளையின் தொண்டையில் கம்பி குத்துவதும் ஒன்றா? அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் 2019இல் சேர்ந்து வெளியிட்ட கைநூல், பெருக்கலை விட்டுப் பாதிப்பை முன்னே வைக்கும் அட்டவணைக்கு மாறிவிட்டது. அதன்படி கம்பிக்கு 'உயர்' முன்னுரிமை, வாடைக்கு 'நடுத்தரம்'. எஃப்எம்இஏ போடுகிறவர்கள் இந்த அட்டவணையோடு போடுங்கள்.

1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காகப் பிறந்த உணவுப் பாதுகாப்பு முறையான ஹசாப்பில் இந்தப் புள்ளிச் சண்டை இல்லை. ஆபத்து எது, எந்த இடத்தில் மறிப்பது, எல்லை என்ன, தாண்டினால் என்ன செய்வது, அவ்வளவுதான். தை மழை தூறிக் களத்தில் நெல் காயாத நாளில் இதன் அருமை தெரியும். ஈரப்பத மீட்டர் 14 வீதத்துக்கு மேல் காட்டினால் அந்த நெல் களஞ்சியத்துக்குப் போகாது, பூஞ்சணம் பிடிக்கும். களத்துப் பொடியனுக்கே இது போதும். ஆனால் புளித்த வாடை ஆளைக் கொல்லாது என்பதால் அது இந்தத் தாளுக்குள் வராது. வாடிக்கையாளரோ அதற்காகத்தான் ஓடுவார்.

ஒன்றுதான் முடியுமென்றால் ஹசாப். கை மிஞ்சினால் ஊறலுக்கும் சல்லடைக்கும் மட்டும் எஃப்எம்இஏ. இப்போது ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். மெட்டல் டிடெக்டருக்கான கொட்டேஷன் முதலாளியின் மேசையில் கிடக்கிறது, மேலே அந்தச் சிவப்புக் கட்டத்தைக் குத்தி.