வேலூர் லேப்டாப் சர்வீஸ் கடைகள்: எந்த வேலைக்கு நம்பலாம், எதற்கு யோசிக்கணும்

வாரண்டி இருக்கிற லேப்டாப்பை கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு எங்கேயும் திறக்கவே விடாதீர்கள். வாரண்டி முடிந்த பிறகுதான் எங்கே கொடுப்பது என்ற கேள்வியே வருகிறது. வேலூரில் அதற்கு இரண்டு வட்டாரங்கள். ஒன்று, ஆபீசர்ஸ் லைன், சாரதி மாளிகை பக்கம் இருக்கிற சின்னச் சின்னக் கடைகள். இன்னொன்று, காட்பாடியில் விஐடி மாணவர்களை நம்பி நடக்கிற கடைகள். குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டையில் இருந்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள்.

கிளீனிங், ஸ்கிரீன், கீபோர்டு, எஸ்எஸ்டி (சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்) மாற்றுவது எல்லாம் இந்தக் கடைகளில் தாராளமாகக் கொடுக்கலாம். கூலி சென்னையைவிடக் குறைவு, வேலையும் கண்ணெதிரே நடக்கும். மூடியின் கீல் உடைந்தால் கடையைப் பார்த்துக் கொடுக்கணும். மதர்போர்டு வேலை என்றால் இன்னும் யோசிக்கணும். சிப் லெவல் வேலையை, அதாவது போர்டில் பழுதான குட்டிப் பாகத்தை மட்டும் கண்டுபிடித்து மாற்றுவதை, தாங்களே செய்கிற கடைகள் குறைவு. மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு ஒருவரிடம் கொடுத்து, மேலே லாபம் வைத்துத் திருப்பித் தருகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கொடுக்கும்போதே "இங்கேயே பார்ப்பீங்களா, வெளியே அனுப்புவீங்களா" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாரண்டி முடிந்த மெஷினில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதி ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் முடியக்கூடியவை. "போர்டு பூடுச்சு சார், பத்தாயிரம் ஆவும்" என்ற வார்த்தையை முதல் கடையிலேயே நம்பி, லேப்டாப்பைப் பழைய சாமான் விலைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பழுது எங்கே என்று காட்டிவிட்டு விலை சொல்கிறவர்தான் நல்ல மெக்கானிக். இந்த ஒரு அளவுகோல் போதும்.

முதலில் சூடு. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, தூசியும் அதிகம். ஃபேன் சத்தம், கேம் ஆடும்போது திடீர் ஸ்லோ, தானாக ஆஃப் ஆவது, மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஃபேன் காற்றை ஊதுகிற வாயிலில் செம்பு அல்லது அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே தூசி படிந்து படிந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு திரை உட்கார்ந்துவிடும். வெளியே இருந்து புளோயர் அடித்தால் இது போகாது. அடிமூடியைத் திறந்து அடித்தாலும் முழுசாகப் போகாது. ஃபேனின் மேல்தகட்டில் இருக்கிற மூன்று நான்கு சின்ன ஸ்குரூவைக் கழற்றி, அந்தத் திரையைக் கையால் உரித்து எடுக்கணும். பல கடைகளில் "ஜெனரல் சர்வீஸ்" என்ற பெயரில் இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஃபேன் கவரைக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் தேயும்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட், சிப்பின் சூட்டை அதன் மேல் உட்காரும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுக்குக் கடத்துகிற பசை. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிப்பின் மேல் மெல்லிசாகப் பரவுகிற அளவு வைத்தால் போதும். அள்ளி அப்பினால் குளிர்ச்சி அதிகமாகிவிடாது. ஹீட்சிங்க்கின் மேல் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையிலேயே ஸ்குரூ முடுக்கணும். கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் மெமரி மேல் ரப்பர் மாதிரி தெர்மல் பேட் ஒட்டியிருக்கும். அது கிழிந்தால் அதே தடிமனில் பேட் தான் போட வேண்டும், பேஸ்ட்டை நிரப்பி ஒப்பேற்றக் கூடாது. இடைவெளி நிரம்பாமல் மெமரி அளவுக்கு மீறிச் சூடாகும். இந்த வேலை முழுசுக்கும் உத்தேசமாக 500 முதல் 800 ரூபாய் நியாயம். வேலை முடிந்ததும் கடையிலேயே ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி இலவச மென்பொருளைப் போட்டு வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 45, 55 டிகிரி சரி. ஒரு பெரிய வேலை கொடுத்த ஒரே நிமிடத்தில் 95-ஐத் தாண்டி வேகம் இறங்கினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. தகடு அடைத்திருக்கிற மெஷினுக்குக் கீழே கூலிங் பேட் வாங்கி வைப்பது வீண் செலவு.

"சார்ஜ் ஏறல" என்ற புகாரில்தான் தேவையில்லாத பேட்டரிகள் அதிகமாக விற்கப்படுகின்றன. டெல், ஹெச்பி சார்ஜர் முனையைப் பாருங்கள், நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். அது மின்சாரம் கொண்டு வருவதற்கல்ல, "நான் 65 வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்கு. ஒயருக்குள் அந்த மெல்லிய கம்பி அறுந்துவிட்டால் லேப்டாப் சார்ஜரில் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகமும் குறைந்துவிடும். டெல் மெஷின் ஆன் ஆகும்போதே அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை காட்டும். இந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் ஏறாது. ஆகவே முதலில் அதே கம்பெனியின் நல்ல சார்ஜர் ஒன்றைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

சார்ஜர் வாங்கும்போது வோல்ட் ஒத்துப்போகணும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம். வழக்கமான 65 வாட்டில் ஹெச்பி 19.5 வோல்ட் 3.33 ஆம்பியர், லெனோவோ 20 வோல்ட் 3.25 ஆம்பியர், ஏசர் 19 வோல்ட் 3.42 ஆம்பியர் என்று லேபிளிலேயே இருக்கும். 90 வாட் கேட்கிற மெஷினுக்கு 65 வாட் கொடுத்தால் சார்ஜர் கொதித்துச் சாகலாம்.

சார்ஜர் நல்லதென்றால் அடுத்த சந்தேகம் டிசி ஜாக், அதாவது லேப்டாப்பில் சார்ஜரைச் செருகுகிற துளை. செருகிய முனையை ஆட்டும்போது விளக்கு மினுக்கினால் அதுதான். பல மாடல்களில் ஜாக் ஒரு குட்டி ஒயரோடு தனியாக வரும், கழற்றி மாட்டினால் தீர்ந்தது. 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடியும். போர்டிலேயே சால்டர் செய்த டைப்-சி போர்ட் என்றால் கை தேர்ந்தவர் வேண்டும், கூலியும் கூடும்.

பேட்டரி கெட்டதா என்பதற்கு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதாக இருந்தபோது பிடித்த அளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிக்கிற அளவு) என்று இரண்டு எண் வரும். இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். டச்பேட் மேலே எழும்பி, அடிமூடி உப்பியிருந்தால் ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம், அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கம்பேட்டிபிள் பேட்டரி (வேறு கம்பெனி செய்தது, ஆனால் பொருந்தும்) 1,500 முதல் 2,500 வரை கிடைக்கிறது. ஆறு மாதமாவது வாரண்டியை பில்லில் எழுதித் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள்.

சுத்தமாக ஆன் ஆகவில்லை, அல்லது விளக்கு எரிகிறது, ஸ்கிரீன் கருப்பு. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே சில வேலை உண்டு. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள். கருப்பு ஸ்கிரீனில் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் (ஸ்கிரீனுக்குப் பின்னால் எரிகிற விளக்கு) பிரச்சினை. ஹெச்டிஎம்ஐ ஒயரில் டிவியை இணைத்து அதில் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு ஸ்கிரீனிலோ அதன் கேபிளிலோ. டிவியிலும் வரவில்லையென்றால் ரேம். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி மாட்டினால் உயிர் பெறுகிற மெஷின்கள் ஏராளம். கேப்ஸ் லாக் விளக்கோ பவர் விளக்கோ விட்டுவிட்டு மினுக்கினால் எத்தனை தடவை என்று வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பொருள் சொல்லும், நல்ல மெக்கானிக் அதைத்தான் முதலில் கேட்பார்.

இதற்குப் பிறகும் டெட் என்றால்தான் போர்டு. இங்கேதான் கடைக்குக் கடை வித்தியாசம் தெரியும். தெரிந்தவர் போர்டை டிசி பவர் சப்ளையில் மாட்டி ஆம்பியர் முள்ளைப் பார்ப்பார். மாட்டியவுடனே மின்னோட்டம் எகிறி வோல்ட் படுத்துவிட்டால் மெயின் லைனில் ஷார்ட். அந்த லைனுக்கு 1 வோல்ட் மட்டும் கொடுத்து, போர்டு மேல் ஆல்கஹாலைத் தடவுவார். ஷார்ட்டான கெப்பாசிட்டர் (போர்டு மேல் இருக்கிற குட்டி மின்பாகம்) சூடாகும், அதன் மேல் ஈரம் மற்ற இடங்களுக்கு முன்னே காய்ந்துவிடும். கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றைப் பிடுங்கினால் செத்துப்போன லேப்டாப் ஓடும். பொருளுக்குச் சில ரூபாய்தான், அறிவுக்குத்தான் கூலி. அந்தக் கூலியாக 1,500, 2,500 கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், அதற்கு அவர் தகுதியானவர். மீட்டரைக்கூட எடுக்காமல் "ஐசி போச்சு" என்று சொல்கிறவரிடம் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள். கிராபிக்ஸ் சிப்பை ஹாட் ஏரில் சூடாக்கி "ரெடி பண்ணித் தரேன்" என்பதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். சில வாரம் ஓடும், மறுபடி அதே கருப்பு ஸ்கிரீன்.

பயோஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்புகிற அடிப்படை மென்பொருள்) மறுபதிவு என்று சொன்னால் ஒரு நிபந்தனை வையுங்கள். பழைய பயோஸ் சிப்பில் இருப்பதை முதலில் படித்துச் சேமித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் கீயும் சீரியல் நம்பரும் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு மெஷினின் ஃபைலை அப்படியே ஏற்றினால் இரண்டும் போய்விடும். இன்னொன்று, விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் பூட்டு உங்களுக்குத் தெரியாமலே போட்டிருக்கும். போர்டோ பயோஸோ மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கொடுக்கும் முன்பே பாருங்கள். எண் இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

கீல் விஷயத்தில் வேலூர் கடைகள் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கீலின் ஸ்குரூ பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குமிழில் ஏறுகிறது. கீல் இறுகிப்போனால், திறக்கும்போது அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். சூப்பர் குளூ ஊற்றி அரை மணியில் திருப்பித் தருகிறார்கள், அது மொறமொறவென்று இறுகி மறுபடி தெறிக்கும். சரியான முறை, கீலின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழை அரால்டைட்டில் உட்கார வைத்து, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு மாட்டுவது. ஆகவே "நாளைக்கு வாங்க" என்று சொல்கிற கடையில் கொடுங்கள். 600 முதல் 1,500 ஆகும். மூடி லேசாக வாய் பிளக்கும்போதே கொடுத்துவிடுங்கள். இழுத்து இழுத்துத் திறந்தால் உள்ளே போகிற டிஸ்ப்ளே கேபிளும் அறுந்து செலவு இரண்டாகும்.

ஸ்கிரீனில் கோடு விழுந்தால், மூடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கோடு மாறினால் கேபிள், மாறாமல் நின்றால் பேனல். பேனல் மாற்றம் 3,000 முதல் 5,000. கேபிள் இணைப்பில் 30 பின், 40 பின் என்று இருவகை உண்டு. பழைய பேனலின் பின்னால் இருக்கிற நம்பரைப் பார்த்து வாங்குகிறாரா என்று கவனியுங்கள்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இந்தக் கடைகளில் இன்றும் நிறைய வருகின்றன. 2011-ல் தொடங்கிய திட்டம், பழைய மெஷின்களில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். "ரொம்ப ஸ்லோ, தூக்கிப் போட்டுடலாமா" என்று கேட்கிற வீடுகளுக்கு ஒரே பதில், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. ரேம் சேர்க்கும்போது மட்டும் கவனம். டிடிஆர்3 வகை ரேம் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகை 1.35 வோல்ட். எல் கேட்கிற மெஷினில் சாதா டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் ஆன் ஆகாது. பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டியிலும் சாட்டா, என்விஎம்இ என்ற இணைப்பு வகைகள் இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்துத்தான் வாங்கணும்.

டீ கொட்டிவிட்டால் உடனே ஆஃப், சார்ஜரைப் பிடுங்கு, கவிழ்த்து வை. காய்ந்துவிட்டதா என்று ஆன் செய்து பார்க்கவே கூடாது, அரிசி மூட்டையில் வைப்பதிலும் பலனில்லை. பாலும் சர்க்கரையும் உள்ளேயே தங்கி போர்டை அரிக்கும். அன்றைக்கே திறந்து ஆல்கஹாலில் கழுவினால் பெரும்பாலும் கீபோர்டோடு தப்பிக்கலாம். புது மாடல்களில் கீபோர்டு பிளாஸ்டிக் ரிவெட்டில் உருக்கி ஒட்டியிருக்கும், மாற்றுக் கூலி கொஞ்சம் கூடும்.

மெஷினைக் கொடுக்கும்போது ரேம், எஸ்எஸ்டி இரண்டின் லேபிளையும் கடையிலேயே திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பாஸ்வேர்டைக் கொடுப்பதற்குப் பதிலாக வெறும் யூசர் அக்கவுண்ட் ஒன்று உருவாக்கிக் கொடுத்தால் போதும்.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் மட்டும் இந்தக் கடைகளில் எதுவும் செய்ய விடாதீர்கள். ஸ்கேன் போடப் போட உள்ளே தட்டு கீறிக்கொண்டே போகும். உடனே ஆஃப் செய்து, உள்ளே இருப்பது முக்கியமென்றால், தூசியில்லா அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்கிற மீட்பு நிறுவனத்துக்குச் சென்னைக்கு அனுப்புங்கள். அதற்குச் செலவு பல ஆயிரம் ஆகும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.