மூணு ட்ரோனுக்குக் குபர்னெட்டிஸ்: இரண்டு வருச அனுபவம்

"மச்சா, மூணு ட்ரோனுக்குப் போயி குபர்னெட்டிசா?" என்று கோபியிலிருந்து மாமா பையன் கேட்டான். குபர்னெட்டிஸ் என்பது பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஒன்று விழுந்தால் அதன் வேலையை இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் வேர்வாடல் நோய் பார்க்க ட்ரோன் பறக்கவிடுகிறேன். செல்போன் சிக்னல் இல்லாத தோப்புகள் நிறைய. ஒரு ட்ரோன் மேலே நின்று வைஃபையைக் கடத்தும், மற்ற இரண்டும் படமெடுக்கும். மூன்றிலும் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி, தரையில் லேப்டாப்பில் குபர்னெட்டிஸின் இலகுவான வடிவமான கே-த்ரீ-எஸ். ரவுட்டர், வீடியோ ரிலே எல்லாமே கன்டெய்னர்கள்தான், அதாவது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தூக்கி வைக்கக்கூடிய மென்பொருள் பொட்டலங்கள்.

இதில் சுகம் என்னவென்றால், இந்த ட்ரோனுக்கு இந்த வேலை என்று கிடையாது. வைகாசியில் ரிலே ட்ரோனின் மோட்டார் போனது. படமெடுத்துக்கொண்டிருந்த ஒன்றை இறக்கி, அதே ரவுட்டர் கன்டெய்னரை ஏற்றி, டீ ஆறுவதற்குள் மேலே விட்டேன். முன்பெல்லாம் எஸ்டி கார்டு எழுதவே அரை நாள் போகும்.

இனி வயிற்றெரிச்சல். ட்ரோன் திடீரென்று மறைந்தால், குபர்னெட்டிஸ் முக்கால் நிமிடம் போலப் பார்த்துவிட்டுத்தான் 'ரெடியில்லை' என்று குறிக்கும். அதற்கப்புறமும் 300 விநாடி பொறுத்துத்தான் வேலையை அடுத்த ட்ரோனுக்கு மாற்றும். ஏசி அறை சர்வருக்கு அது சரி. என் பேட்டரியே இருபது நிமிடம்தான்! "ஏனுங் தம்பி, படம் நின்னு போச்சுங்ளே?" என்று தோட்டத்துக்காரர் பக்கத்தில் நின்று கேட்பார். என்ன சொல்ல?

அந்த இரண்டு காத்திருப்பையும் பத்துப் பத்து விநாடியாகக் குறைத்தேன். ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ட்ரோன் சாயும், நனைந்த மட்டைகள் சிக்னலைக் குடிக்கும், இணைப்பு விட்டுவிட்டு வரும். உடனே குபர்னெட்டிஸ் அந்த ட்ரோன் செத்துவிட்டதென்று அடுத்ததில் ரவுட்டரை எழுப்பிவிடும். முதல் ட்ரோனோ ஒன்றும் தெரியாமல் தன் ரவுட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு பஸ் மாதிரி, ஒரே ஐபி முகவரியில் இரண்டு ரவுட்டர். இப்போது வெயிலுக்கு ஒரு கணக்கு, காற்றுக்கு ஒரு கணக்கு என்று கையால் மாற்றுகிறேன்.

நியாயமாகச் சொன்னால், பேட்டரி மாற்ற இறக்குவதற்கு முன் 'ட்ரெயின்' (drain, இந்த ட்ரோனைக் காலி செய்) என்ற கட்டளை கொடுத்தால் வேலை அழகாக இடம் மாறும். குறை மென்பொருளில் இல்லை, பறக்கிற பொருளுக்காக அதை யாரும் எழுதவில்லை. அப்புறம், ராஸ்பெரி பைக்கு மின்சாரத்தைச் சீராகத் தரும் ரெகுலேட்டரை மலிவாக வாங்காதீர்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கும், எனக்கு இரண்டு முறை நடுவானில் ரீஸ்டார்ட்டே ஆனது.

மச்சா, உனக்கு வேண்டாம். மூணு ட்ரோனுக்கு, கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும். நான் விடமாட்டேன், அது வேற. நாலாவது ட்ரோனுக்கு நேற்றுத்தான் பை வந்தது, ஐபி முகவரிகூடக் குறித்து வைத்துவிட்டேன்.