வழக்கு கொழும்பிலா, திருகோணமலையிலா? நியமனக் கடிதத்தின் கடைசிப் பந்தி

கொழும்பில் தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டு திருகோணமலையின் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி நடத்தும் நிறுவனங்கள் நியமனக் கடிதத்தின் கடைசிப் பந்தியில் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதுண்டு: பிணக்கு எதுவானாலும் கொழும்பு நீதிமன்றத்தில்தான் தீர்க்கப்பட வேண்டும். சம்பளத்தைப் பார்த்துக் கையொப்பம் வைக்கிறவர் அதை வாசிப்பதில்லை. வேலை போன பிறகு அந்தப் பந்தி எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது, அவர் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்பதில் இருக்கிறது.

மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் பந்திக்கு உயிர் வந்துவிடும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவின்படி, பிரதிவாதி வசிக்கும் இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் வழக்கிடலாம். வேலையும் வேலைநீக்கமும் திருகோணமலையில் என்றால் இங்கேயே தொடுக்க வழி உண்டு. ஆனால் நிறுவனத்தின் சட்டத்தரணி முதலில் நீட்டப்போவது அந்தப் பந்தியைத்தான். அதிலும் அவர் நியாயாதிக்க ஆட்சேபனையை, அதாவது இந்த நீதிமன்றத்துக்கு வழக்கைக் கேட்கும் அதிகாரம் இல்லை என்பதை, தொடக்கத்திலேயே எழுப்பியாக வேண்டும், பதில் சமர்ப்பித்துவிட்டுப் பிறகு நினைத்துக்கொள்ள முடியாது. ஆட்சேபனை வென்றால் வழக்குக் கோப்பு தானாகக் கொழும்புக்குப் போவதில்லை. வழக்கை ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரம் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு வென்றாலும், மாவட்ட நீதிமன்றம் வேலையைத் திருப்பித் தராது. பெரும்பாலும் முன்னறிவித்தல் காலச் சம்பள அளவில் நட்டஈடு கிடைக்கும், அவ்வளவுதான்.

வேலைநீக்கப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் கதை வேறு. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ(4) பிரிவு, சேவை ஒப்பந்தத்தில் எதிராக என்ன எழுதியிருந்தாலும் சபை நிவாரணம் வழங்கலாம் என்கிறது. பந்தியைக் காட்டி ஊழியரை மிரட்டுகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்வதில்லை. சபை நீதியும் நியாயமுமான கட்டளையைப் பிறப்பிக்கலாம். மீள வேலையில் அமர்த்தும்படி சொல்லலாம், நட்டஈடும் தரலாம். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவருக்காகத் தொழிற்சங்க அலுவலர் தோன்றலாம். சாதாரண ஊழியருக்கு நான் இதையே சொல்வேன். ஒரே கடிவாளம், வேலைநீக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது.

அமெரிக்க நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதுகிறவர்களின் ஒப்பந்தத்தில் கொழும்புக்குப் பதில் ஏதோ ஒரு மாநிலத்தின் பெயர் இருக்கும். அங்கே 2013இல் 'அட்லாண்டிக் மரைன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நிபந்தனை செல்லுபடியாகுமானால், கூட்டாட்சி நீதிமன்றம் அசாதாரணக் காரணங்கள் இருந்தால் தவிர, குறிப்பிட்ட இடத்துக்கே வழக்கை மாற்ற வேண்டும். வாதி தெரிவுசெய்த இடத்துக்கு எடை இல்லை, தரப்பினரின் வசதி வசதியின்மையும் கணக்கில் வராது. அது கட்டட ஒப்பந்த வழக்கு, ஆனால் வேலை ஒப்பந்தங்களுக்கும் நீதிமன்றங்கள் அந்த அளவுகோலையே எடுக்கின்றன. கலிஃபோர்னியாவோ தன் மாநிலத்தில் வசித்து வேலை செய்கிறவரை வெளிமாநிலத்துக்கு இழுக்கும் நிபந்தனையை 2017 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது, ஊழியருக்குத் தனிச் சட்டத்தரணி பேரம் பேசியிருந்தால் தவிர. ஐரோப்பிய ஒன்றியமோ பிணக்கு எழுந்த பிறகு செய்யும் உடன்பாட்டை அல்லது ஊழியருக்கு வழிகளைக் கூட்டும் உடன்பாட்டை மட்டுமே ஏற்கிறது. எனக்குப் பிடித்த விதி அதுதான்.

அமெரிக்க மாற்றல் மனு அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இடையில் மட்டுமே நடமாடும், திருகோணமலை வழக்கை அது அசைக்காது. 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று எழுதிவிட்டால் தொழில் நியாய சபை கைவிரித்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. நம் சட்டத்தின் தொழிலாளி வரைவிலக்கணம், வேலையைத் தானே நேரில் செய்து தரும் ஒப்பந்தத்தையும் உள்ளடக்குகிறது. உண்மையான சிக்கல் கட்டளை கிடைத்த பிறகுதான் வரும், இலங்கையில் சொத்தோ அலுவலகமோ இல்லாத நிறுவனத்திடம் அதை எப்படி நிறைவேற்றுவது? அத்தகைய ஒப்பந்தம் செய்கிறவர் வழக்கு எங்கே என்று பேரம் பேசுவதைவிட, சம்பளத்தை மாத முடிவுவரை தேங்கவிடாமல் வாரந்தோறும் வாங்கப் பேரம் பேசலாம்.